மேல்மேட்டின் இரண்டாம் சுற்று

கரயெமிஷ் ஊரில் ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. தண்ணீர் எப்போது நிற்கும், காணாமல் போன ஆடு யார் தோட்டத்தில் நிற்கிறது, தொழிற்சாலை இன்று தேயிலைக் கொழுந்தை எடைபோடுமா போடாதா, எல்லாமே கம்பத்திலிருந்துதான் இறங்கி வரும். யாராவது இறந்துவிட்டால், பள்ளிவாசலில் சாவைச் சொல்லும் சலா ஓதி முடித்த கையோடு நகராட்சியின் அறிவிப்பாளர் சித்கி பே, அதாவது சித்கி ஐயா, பேசுவார். அந்தக் குரல் கேட்டதும் சரிவில் கொழுந்து வெட்டுகிற பெண்களின் கத்தரிகள் அப்படியே நிற்கும். இறந்தவர் பேர், யாருக்கு அம்மா, யாருக்கு மாமனார், எந்தத் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று வரும். அதே அறிவிப்பு இரண்டு சுற்று ஓடும். முதல் சுற்று திடுக்கிடுவதற்கு, இரண்டாவது காதில் வாங்கிக்கொள்வதற்கு.

அந்தக் குரலை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கிற புரோகிராமை எழுதியவள் பெரிஹான். அங்காராவில் தொலைபேசி இணைப்பகங்களுக்குப் புரோகிராம் எழுதி இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள். நடுவில் ஒரு கல்யாணம் செய்து, பிடிக்காமல், சத்தமில்லாமல் முடித்துக்கொண்டாள். அப்பா இறந்ததும் அம்மா வெசிலே தனியாகிவிட்டாளே என்று ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்து, ஊரின் தண்ணீர் மோட்டார், தொழிற்சாலை எடைமேடை, ஒலிபெருக்கி என்று சகலத்தையும் சி மொழியில் எழுதிக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். கோபக்காரி. அவளிடம் கணினியைக் கொண்டுபோகிறவர்கள் பாதி பேர் திட்டு வாங்கவே போனார்கள் என்று ஊரில் கேலி உண்டு.

புரோகிராமின் அமைப்பு லேசானது. உள்ளே ஒரு மேஸ்திரி. அவன் கீழே பேட்டைக்கு ஒருவனாக வேலையாட்கள், த்ரெட் என்பார்கள். சித்கி பே பேசியது கணினியின் மெமரியில் ஓரிடத்தில் வந்து உட்காரும். மேஸ்திரி அந்தக் குரலை ஆளுக்கொரு பிரதி எடுத்துக் கொடுப்பதில்லை. “அதோ அங்கே இருக்கிறது, போய்ப் படித்துக்கொள்” என்று இடத்தை மட்டும் காட்டிவிடுவான். எல்லாரும் அதே இடத்தைப் பார்த்துத் தங்கள் பேட்டையில் இரண்டு சுற்று ஒலிக்கவிட வேண்டும். முடிந்ததும் சித்கி பேயின் அறையில் எரியும் சிவப்பு விளக்கு அணையும். இடம் காலி, அடுத்ததைப் பேசலாம் என்று அர்த்தம்.

“த்ரெட்டுக்குக் கற்பனை கெடையாது,” என்பாள் பெரிஹான், யாராவது கணினியைப் பேய் என்று சொன்னால். “அந்த எடத்துல யாரு எதை வெச்சாங்களோ, அதைத்தான் படிக்கும். மனுசன் மாதிரி பொய் சொல்லத் தெரியாது அதுக்கு.”

சென்ற இலையுதிர்காலத்தில் மேல்மேட்டுக்கும் ஒலிபெருக்கி கொடுத்தார்கள். மலை மேல் இருக்கும் பேட்டை. பாதி நாள் மூடுபனிக்குள் கிடக்கும். கம்பி இழுக்க முடியாமல் ரேடியோவில் இணைத்தார்கள். பெரிஹான் வேலையாட்களில் ஒருவனைக் கூட்டினாள், அவ்வளவுதான். ரேடியோ ரொம்ப மந்தம். கீழே எல்லாரும் ஒரு சுற்று முடித்த பிறகே, தூங்கி எழுந்தவன் மாதிரி மேல்மேடு ஆரம்பிக்கும். அதனால் என்ன என்று விட்டுவிட்டாள்.

பனிக்காலத்தில் கிழவர் ஒருவர் இறந்தார். கீழே எல்லாப் பேட்டையிலும் இரண்டு சுற்றும் அவர் பேர்தான் கேட்டது. மேல்மேட்டில் முதல் சுற்றில் அவர் பேர். இரண்டாவது சுற்றில், அதே குரலில், அதே நிதானத்தில், ஹாஃபிஸே ஹனும் காலமானார் என்று கேட்டது. ரொட்டிக்கடைக்காரரின் விதவை ஹாஃபிஸே அந்த நேரம் மேல்மேட்டில் தன் வீட்டு ஜன்னலோரம் படுத்து, தன் சாவுச் செய்தியைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். நோயாளிதான், ஆனால் உயிரோடுதான் இருந்தாள். பக்கத்து வீட்டார் ஓடிவந்தபோது, “சித்கிக்கு வயசாயிருச்சு, அவசரப்படறான்,” என்று சிரித்தாளாம். மறு வாரம் இறந்துபோனாள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று இருந்திருக்கலாம். ஹாஃபிஸே அடக்கத்தின் அறிவிப்பு வந்தபோது, மேல்மேட்டின் இரண்டாம் சுற்றில் லாரிக்காரர் ருஸ்தெம் பேர் வந்தது. அவர் வெளியூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரும் வெகுநாள் தாங்கவில்லை.

சனிப்பிணம் தனியாகப் போகாது என்பார்கள். மேல்மேட்டில் எந்தக் கிழமைப் பிணமும் தனியாகப் போகாது என்று ஆகிவிட்டது. கீழே யாராவது இறந்தால், மேலே உள்ளவர்கள் முதல் சுற்றைக் காதிலேயே வாங்குவதில்லை. வாசலுக்கு வந்து, பனிக்குள் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டாவது சுற்றுக்காக நிற்பார்கள்.

நகராட்சித் தலைவர் சித்கி பேயைக் கூப்பிட்டு விசாரித்தார். “நான் அந்தப் பேரை அறிவிக்கல,” என்றார் அவர். முகம் சுண்ணாம்பாய் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பெரிஹானையும் கூப்பிட்டார்கள். அவள் தன் அறையிலிருந்து மேல்மேட்டுக்குச் சோதனை அறிவிப்பாக அனுப்பித் தள்ளினாள். இரண்டு சுற்றும் சுத்தமாக வந்தன. “மலை மேல பனி ஜாஸ்தி, பொழுது போகல அவங்களுக்கு,” என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. தன் புரோகிராமைப் பற்றி ஊர் பேசுவது அவளுக்குத் தன் பிள்ளையைப் பற்றிப் பேசுவது போல.

மே மாதம், முதல் கொழுந்து வெட்டுகிற சமயம், கம்பத்துப் பெட்டியில் மழை இறங்கிவிட்டது என்று மேல்மேட்டிலிருந்து நாஜியே போன் செய்தாள். நாஜியே கொழுந்து வெட்டுகிறவள். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். பெரிஹான் கருவிப்பெட்டியோடு ஏறிப் போனாள். மதிய நேரம். ஆனால் பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் வேலி கூடத் தெரியவில்லை. பெட்டியைத் துடைத்து மூடிக்கொண்டிருக்கும்போது கீழே பள்ளிவாசலில் சலா ஆரம்பித்தது. வாசல் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. ஆட்கள் வந்து நிற்பது தெரிந்தது, முகங்கள் தெரியவில்லை.

“இப்ப நீயே கேளு அக்கா,” என்றாள் நாஜியே. “நாங்க பொழுது போகாமச் சொல்றமான்னு நீயே பாரு.”

இறந்தது படகுக்காரர் இத்ரிஸ். கீழே ஊரில் சித்கி பேயின் குரல் தொடங்கியது. அங்கே இரண்டாவது சுற்று ஓடும்போதுதான் அவள் தலைக்கு மேலே அதே குரல் தொடங்கியது. கீழே இரண்டாவது சுற்று முடிந்து அடங்கியது. தலைக்கு மேலே முதல் சுற்று முடிந்தது. ஒரு மூச்சு இடைவெளி. பெரிஹான் கையில் திருகுளியோடு அண்ணாந்து நின்றாள்.

“நம் ஊர், தெர்விஷ் உஸ்தாவின் மகள், பெரிஹானின் தாயார், வெசிலே ஹனும் இறைவனடி சேர்ந்தார்.”

பனிக்குள் யாரோ “யா அல்லாஹ்” என்றார்கள். நாஜியே வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிஹான் திருகுளியைக் கீழே போட்டாள். போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“என்னடி?” என்றாள் வெசிலே.

“அம்மா. என்ன பண்றே?”

“அவரைக்காய் அரியறேன். வரும்போது தயிர் வாங்கிட்டு வா. ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு? மேடு ஏறினியா?”

“ஆமா,” என்றாள் பெரிஹான்.

இறங்கி வரும்போது அவளுக்கு ஒரே எண்ணம்தான். ஹாஃபிஸேக்கு ஒரு வாரம். ருஸ்தெமுக்கு அதற்குக் கொஞ்சம் மேலே. பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் அது பிழைதான், விதி அல்ல என்று ஆகிவிடும். அம்மா பிழைத்துக்கொள்வாள். இந்த வயது வரை ஒரு தாயத்துக் கட்டியதில்லை அவள். அன்றைக்குத் தன் புரோகிராமைத் தாயத்து மாதிரி பிடித்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள்.

வெகுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை. கண் முன்னால்தான் இருந்தது. அவள்தான் எழுதியிருந்தாள். எந்த வேலையாள் முதலில் இரண்டு சுற்றையும் முடிக்கிறானோ, அவன் ‘ஆயிற்று’ என்பான். உடனே மேஸ்திரி விளக்கை அணைத்து இடத்தைக் காலி என்று விட்டுவிடுவான். எல்லாம் கம்பியில் இருந்த காலத்தில் முதல் ஆள் முடிப்பதும் கடைசி ஆள் முடிப்பதும் ஒரே நொடி. கடைசி ஆளை எண்ணுவானேன் என்று அவள் சோம்பல்பட்டுவிட்டாள். மேல்மேடு வந்த பிறகு கதை வேறு. பந்தியில் பிந்தி உட்கார்ந்தவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தட்டை எடுத்து வேறு ஒருவனுக்குச் சோறு போட்ட மாதிரி. விளக்கு அணைந்த கையோடு யாராவது மைக்கில் பேசினால், புதுப் பேச்சு அதே இடத்தில் வந்து உட்காரும். மேல்மேட்டு வேலையாள் இரண்டாவது சுற்றுக்கு முதலிலிருந்து படிக்கப் போவான். பழையது அழிந்து புதியது இருக்கும். அவனுக்கு வித்தியாசம் தெரியாது. படித்துவிடுவான்.

சோதித்துப் பார்த்தாள். நாஜியேயைப் போனில் கம்பத்தடியில் நிற்கச் சொல்லி, ஓர் அறிவிப்பை ஊர் முழுக்க அனுப்பினாள். விளக்கு அணைந்ததைத் திரையில் பார்த்ததும் தன் மைக்கில், “நாஜியேவின் வாய் இன்று முதல் மூடப்படும்,” என்று பேசினாள்.

“அக்கா!” என்று போனில் அலறினாள் நாஜியே. “ரெண்டாவது சுத்துல உன் குரல் வருது. என் வாயை மூடுறியாமே.”

பெரிஹான் சிரித்தாள். மேசையில் தலையை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பேயுமில்லை, பிசாசுமில்லை. ஒரு சோம்பேறித்தனம். அவ்வளவுதான். தன்னை இவ்வளவு சந்தோஷமாக அவள் எப்போதும் திட்டிக்கொண்டதில்லை.

சிரிப்பு பாதியில் நின்றது. த்ரெட்டுக்குக் கற்பனை கிடையாது. அந்த இடத்தில் யார் எதை வைத்தார்களோ அதைத்தான் படிக்கும். இத்ரிஸின் அறிவிப்பு முடிந்த கையோடு, மைக்கின் முன்னால் உட்கார்ந்து, அம்மா இறந்துவிட்டாள் என்று யாரோ வாயால் சொல்லியிருக்கிறார்கள். சொன்னால்தான் அது அங்கே இருக்கும்.

நகராட்சியின் பின்கட்டில் சித்கி பேயின் சிறிய அறை. அவள் கதவைத் தட்டாமல் போய் நின்றாள். அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். அவள் கேட்குமுன்பே புரிந்துகொண்டார்.

“மேல கேட்டுச்சா?” என்றார்.

“நானே கேட்டேன்.”

அவர் மைக்கை ஓரமாக நகர்த்தி வைத்தார். “என் சம்சாரம் போனப்ப நான் அறிவிச்சேனே, ஞாபகம் இருக்கா உனக்கு?”

ஊரில் யாருக்கு மறக்கும்? பேரைச் சொல்லிவிட்டு, மேற்கொண்டு சொல்ல முடியாமல், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதார்.

“அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க பேரைச் செத்த அன்னிக்குச் சொல்ல என்னால முடியல. இந்த ஊர்ல எனக்குத் தெரியாதவங்க யாரு? அதனால உசுரோட இருக்கும்போதே பதிஞ்சு வெச்சுக்குவேன். அப்பக் குரல் நடுங்காது. ஆஸ்பத்திரியில கைவிட்டுட்டாங்கன்னா வீட்டுக்காரங்க என் காதுல போட்டுருவாங்க. ஒரு அறிவிப்பு முடிஞ்சு வெளக்கு அணைஞ்சதும், அந்தக் குரல் தொண்டையில இருக்கும்போதே, அடுத்த ஆளைப் பதிஞ்சு ஊருக்கு அனுப்பற பச்சைப் பொத்தானை அழுத்தாம எடுத்து வெச்சிருவேன். வெளிய போகுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நான் பதியறதுனாலதான் சாகுறாங்களோன்னு தூங்காமக் கெடக்கேன் பொண்ணே.”

“எங்கம்மா பேரை யாரு உங்க காதுல போட்டது?” என்றாள் பெரிஹான். “வீட்டுக்காரி நான்தான். நான் சொல்லலையே.”

சித்கி பே தலை குனிந்தார். “அவங்களே வந்தாங்க. இதோ இந்த நாற்காலியில உக்காந்து, எங்கப்பா பேரையும் சேத்துச் சொல்லு சித்கின்னு சொல்லிட்டுப் போனாங்க.”

பெரிஹான் வீட்டுக்குத் தயிர் வாங்கிக்கொண்டு போனாள். ஏன் வாங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வெசிலே அடுப்படியில் சோளரொட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ரொட்டியைத் தட்டில் வைத்து மூடிவிட்டு, உட்கார்ந்தாள்.

“மேல்மேட்டுக்காரி ஒருத்தி போன் பண்ணி, உசுரோட இருக்கியான்னு கேட்டா,” என்றாள். “சித்கி எங்கப்பா பேரைச் சொன்னானா?”

“சொன்னாரு.”

“அப்ப சரி.”

“என்னம்மா உனக்கு?”

“கணையத்துல புத்துங்கறாங்க. கண் டாக்டரைப் பாக்கப் போறேன்னு உன்கிட்ட சொன்னேன்ல, அப்பத் தெரிஞ்சுது.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ சும்மா இருப்பியா? என்னைக் கழட்டிப் பிரிச்சுப் போட்டு, எந்த எடத்துல தப்புன்னு தேட ஆரம்பிச்சிருவே. இது தேடறதுக்கு இல்லடி. கடைசி வரைக்கும் நீ பாட்டுக்கு வந்து சாப்பிட்டு, என்னோட சண்டை போட்டுட்டு இருக்கணும்னு பாத்தேன்.”

பெரிஹான் சண்டை போட்டாள். அன்று சாயங்காலம் முழுக்கப் போட்டாள். பிறகு அம்மாவின் மடியில் தலை வைத்து அழுதாள். அம்பதைத் தாண்டிய பெண் இப்படி அழுதால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று வெசிலே கேட்டுக்கொண்டே அவள் முடியைக் கோதினாள்.

மறுநாளே மேல்மேடு முழுக்க இறங்கி வந்துவிட்டது. தேன், நெய், நாட்டுக்கோழி முட்டை என்று ஆளுக்கொன்று கையில் இருந்தது. பழைய சண்டைக்காரிகள் இரண்டு பேர் வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். வெசிலே ராணி மாதிரி உட்கார்ந்து எல்லாரையும் கேலி செய்தாள். அந்தக் கோடையில் பெரிஹான் மருந்துக்கடை மாடிக்கு அதிகம் போகவில்லை. அம்மாவோடு உட்கார்ந்து ஹேசல் கொட்டை உரித்தாள், அப்பாவைப் பற்றி அதுவரை கேட்காததையெல்லாம் கேட்டாள். புரோகிராமை மட்டும் அந்த வாரமே சரி செய்துவிட்டாள். ஒவ்வொரு வேலையாளும் முடிக்கும்போது ஒன்று குறைய வேண்டும். எல்லாரும் முடித்து, எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்த பிறகே இடம் காலியாகும். மேல்மேடு முடிக்கும்வரை இனி சிவப்பு விளக்கு அணையாது.

கொட்டை அறுவடை முடியும்போது வெசிலே காலை நேரத்தில் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

சலா முடிந்து, மே மாதம் பதிந்த அந்தக் குரல் நடுக்கமில்லாமல் ஊர் முழுக்க ஒலித்தது. பெரிஹான் பெண்களுக்கு நடுவே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கீழே இரண்டு சுற்றும் முடிந்து ஊர் அடங்கியது. மலை மேல் மட்டும் அந்தக் குரல் இன்னும் இருந்தது. முதல் சுற்று முடிந்தது. ஒரு மூச்சு இடைவெளி. தான் எழுதியதுதான், தான் சரிபார்த்ததுதான், ஆனாலும் அவள் ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்தாள். பனிக்குள்ளிருந்து இரண்டாவது தடவையும் அம்மாவின் பேரே வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. மேலே யாரும் நகர்ந்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

அடக்கம் முடிந்து, நாஜியே ஒரு பெரிய சட்டியில் சாப்பாடு கொண்டுவந்து இறக்கினாள். பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் இருந்து பெரிஹான் பார்த்ததில்லை.

“என்ன?” என்றாள்.

“இப்பவும் எல்லாரும் வாசல்ல வந்து நிக்கிறோம் அக்கா. ரெண்டாவது சுத்து முடிஞ்சப்புறமும் நிக்கிறோம். ஒண்ணும் வர்றதில்ல. முன்னாடின்னா பேரு வந்துச்சு, போய்ப் பாத்தோம், கையைப் புடிச்சுக்கிட்டோம். உங்கம்மாகிட்ட எங்க பெரியம்மா பேசி வருசக்கணக்காச்சு, தெரியுமா? பேரு வந்ததுனாலதான வந்தா. இப்ப அடுத்தது யாருன்னு தெரியல. எந்த வீட்டுக் கதவைத் தட்டறதுன்னு தெரியாம ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டு நிக்கிறோம்.”

புரோகிராமை ஒழுங்காக எழுதியிருந்தால் பெரிஹான் அன்றைக்குத் தயிர் மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அம்மாவோடு அவரைக்காய்க்கு உப்புக் குறைவு என்று சண்டை போட்டிருப்பாள். இன்று காலை கம்பத்திலிருந்துதான் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருப்பாள். தன் சோம்பேறித்தனம் ஒன்றுதான் அவளுக்கு ஒரு கோடையைக் கொடுத்தது. அதைத்தான் அவள் முதல் வேலையாகத் திருத்தினாள்.

“அதைப் பழையபடி வெக்க முடியாதா அக்கா?” என்றாள் நாஜியே மெதுவாக.

யார் எதைக் கேட்டாலும் முடியாது என்றே ஆரம்பிக்கிறவள் பெரிஹான். ஜன்னல் வழியே மேட்டைப் பார்த்தாள். பனியில் கம்பம் தெரியவில்லை.

“முடியும்,” என்றாள்.

சொன்ன பிறகு அவளுக்குப் பயமாக இருந்தது.